என்னிடம் ஒரு கேம் கம்பெனி இருந்தால்

ஒரு வீடியோ கேம் கம்பெனியை யாராவது என்னை நம்பி ஒப்படைத்தால், முதல் நாள் போடப்போகும் உத்தரவு எனக்கு மனப்பாடம். கதை வேண்டாம். கதாநாயகனுக்குப் பெயர் வேண்டாம். விளம்பரப் படம் வேண்டவே வேண்டாம். திரையில் ஒரு காலி மைதானம், அதில் ஒரு பொம்மை, அவ்வளவுதான். அந்தப் பொம்மையை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, சும்மா சுற்றிக்கொண்டிருப்பதே சுகமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் வாருங்கள்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஜப்பானில், கியோட்டோவில் இருக்கும் நிண்டெண்டோ 1996இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ 64’ இப்படித்தான் வளர்ந்தது. மாரியோ முப்பரிமாண உலகத்தில் ஓடிய முதல் விளையாட்டு அது. ஷிகெரு மியாமோட்டோவின் குழு, லெவல்களைக் கட்டும் வேலையில் முழுமூச்சாக இறங்குவதற்கு முன்பே, ஒரு சின்ன இடத்தில் மாரியோவை விட்டு ஒரு முயலைத் துரத்த வைத்துப் பார்த்தது. முயலைப் பிடிக்க வேண்டுமானால் ஓட வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், சமயம் பார்த்துப் பாய வேண்டும். பரிசும் இல்லை, புள்ளியும் இல்லை. அந்தத் துரத்தலே ஒரு விளையாட்டாக ஆகும்வரை மாரியோவின் கால்களைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். கடைக்கு வந்த விளையாட்டிலும் கோட்டையின் நிலவறையில் அந்த முயல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடியவர்கள் பிடித்திருப்பார்கள்.

வீடியோ கேமை ரசிக்கிறவன் முதலில் ரசிப்பது கட்டைவிரலில்தான். கதை, இசை, ஓவியம் எல்லாம் பிறகு. 1985 செப்டம்பரில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் தாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனைத் தட்டினால் சின்னத் தாவல். அழுத்திப் பிடித்தால் உயரம் கூடும். ஓடி வந்து குதித்தால் இன்னும் தூரம் போகலாம். அதற்கும் மேலே, அந்தரத்தில் இருக்கும்போதே திசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். இயற்பியல் வாத்தியார் ஒப்புக்கொள்ளமாட்டார். விரல் உடனே ஒப்புக்கொள்கிறது. கொஞ்சம் தவறிக் குதித்துவிட்டோம் என்று தெரிந்ததும் நடுவானில் பின்னுக்கு இழுத்து நூலிழையில் தப்புகிறோமே, அந்த நூலிழையை ஒருவர் உட்கார்ந்து அளந்து வைத்திருக்கிறார்.

அதே விளையாட்டின் முதல் லெவலை நிதானமாகப் பார்க்க வேண்டும். மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான். வலப்பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. இரண்டு அடி வைத்ததும் எதிரே ஒரு காளான்முகப் பிராணி முறைத்துக்கொண்டு வருகிறது. முதல் தடவை ஆடுகிறவன் அதில் முட்டிச் சாவான். சாகட்டும், ஆரம்பத்திலேயே செத்ததால் போனது சில நொடிதான். அடுத்த தடவை குதிப்பான். குதிக்கும்போது தலைக்கு மேலே கேள்விக்குறி போட்ட பெட்டியில் மோதுவான், காசு வரும். அப்படியானால் இன்னொரு பெட்டியையும் முட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். அதிலிருந்து ஒரு காளான் கிளம்புகிறது. இப்போதுதான் ஒரு காளான் நம்மைக் கொன்றது; இதுவும் எதிரிதான் என்று பயந்து விலகப் பார்ப்போம். காளான் வலப்பக்கமாகப் போய், குழாயில் மோதி, திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. பதறிக் குதித்தால் தலைக்கு மேல் செங்கல் வரிசை தடுக்கிறது. இடித்துக் கீழே வந்து காளான் மேலேயே விழுகிறோம். மாரியோ பெரிய ஆளாகிறான். பயந்தவனையும் பலசாலியாக்கி அனுப்புகிற ஏற்பாடு இது. எதேச்சையாக அமைந்தது இல்லை என்பதைப் பல வருடம் கழித்து மியாமோட்டோவே பேட்டியில் விளக்கியிருக்கிறார்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் தரை இருக்கிறது. தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அடுத்தாற்போல் அதேபோல இரண்டு படிக்கட்டுகள். இந்த முறை நடுவில் பள்ளம். ஒத்திகையும் தேர்வும் அடுத்தடுத்து நடந்துவிட்டன. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இன்றைக்கு விளையாட்டைத் தொடங்கியதும் அரை மணி நேரம் அம்புக்குறி காட்டிப் பாடம் நடத்துகிறார்களே, அவர்களை அழைத்து இந்த ஒரு லெவலை நூறு தடவை ஆடச் சொல்வது என் இரண்டாவது உத்தரவாக இருக்கும்.

அந்த விளையாட்டு மொத்தமும் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் காலை வணக்கப் படங்களில் பலவும் இதைவிடக் கனமானவை. இடம் போதாமல், வானத்து மேகத்தின் படத்தையே பச்சை நிறம் பூசித் தரையில் புதராக வைத்தார்கள். ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு அதைக் கவனிக்காமல் ஆடவே முடியாது.

இதையெல்லாம் மியாமோட்டோ என்ற மேதையின் கணக்கில் எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் நான் கம்பெனி நடத்தப்போகிறவன். அந்த மேதையை நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்பதில்தான் எனக்கு அக்கறை.

நிண்டெண்டோ 1889இல் ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி. நிறுவனரின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி 1949இல், இருபத்திரண்டு வயது நிரம்புமுன்பே தலைவரானார்; 2002 வரை இறங்கவில்லை. கண்டிப்பானவர், வீடியோ கேம் ஆடாதவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் ஆள் பார்க்கத் தெரிந்தவர். 1965இல் சீட்டுக்கட்டு இயந்திரங்களைப் பராமரிக்கக் கும்பேய் யொகோய் என்ற பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். வேலை குறைவாக இருந்த நேரத்தில், நீட்டினால் நீண்டு பொருளைப் பிடிக்கும் மடக்குக் கை ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்து வைத்திருந்தார். அது முதலாளி கண்ணில் பட்டது. வேறு இடமாக இருந்தால் வேலை நேரத்தில் விளையாட்டா என்று சீட்டைக் கிழித்திருப்பார்கள். யமவுச்சி அதைச் சந்தைக்குக் கொண்டுவரச் சொன்னார். 1966இல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மெக்கானிக் பொம்மை வடிவமைப்பாளரானார்.

மியாமோட்டோவின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அமெரிக்காவில் நிண்டெண்டோவின் ‘ரேடார் ஸ்கோப்’ என்ற விளையாட்டுப் பெட்டிகள் சுமார் இரண்டாயிரம் விற்காமல் கிடங்கில் தேங்கின. அந்தப் பெட்டிகளுக்குள் வேறு ஒரு விளையாட்டைப் போட்டுத் தள்ளியாக வேண்டும். அந்த வேலை, நிரல் எழுதத் தெரியாத, தொழில் வடிவமைப்பு படித்த, படம் போடும் இளைஞன் ஒருவனிடம் வந்தது, மேற்பார்வை யொகோய். பாப்பாய் கதாபாத்திரங்களை வைத்துச் செய்யலாம் என்றால் உரிமை கிடைக்கவில்லை. சரி, நாமே ஒரு குரங்கையும் ஒரு தச்சனையும் செய்வோம் என்று 1981இல் பிறந்ததுதான் ‘டாங்கி காங்’. அந்தத் தச்சன்தான் பின்னாளில் மாரியோ. இருந்த சில புள்ளிகளில் வாய் வரைய முடியாததால் மீசை, முடி வரைவது சிரமம் என்பதால் தொப்பி, கை அசைவது தெரிய வேண்டும் என்பதால் வேறு நிற முழுக்கால் உடை. உலகமே அடையாளம் காணும் ஒரு முகம் முழுக்க முழுக்கப் பற்றாக்குறையால் ஆனது.

பற்றாக்குறையை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் யொகோய். வாடிய தொழில்நுட்பத்தை வைத்துப் பக்கவாட்டில் யோசி என்பது அவருடைய சித்தாந்தம். புத்தம்புதிதாக வந்த சில்லு விலை அதிகம், அதன் குணமும் இன்னும் பிடிபடவில்லை. பழகிச் சலித்த பொருள் மலிவு, நம்பலாம், அதைக் கொண்டு யாரும் செய்யாத ஒன்றைச் செய். கால்குலேட்டர் கம்பெனிகள் விலைப்போரில் இறங்கியதால் அதன் திரையும் சில்லும் சல்லிசாகக் கிடைத்தன. 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. அதே வரிசையில் 1982இல் அவர் வைத்த கூட்டல் குறி வடிவப் பட்டன் இன்றைக்குப் பெரும்பாலான கண்ட்ரோலர்களில் ஏதோ ஒரு உருவத்தில் இருக்கிறது.

இந்தச் சித்தாந்தத்தின் உச்சம் 1989இல் வந்த ‘கேம் பாய்’. பாசிப்பச்சைத் திரை, நிறம் கிடையாது, பின்னொளி கிடையாது. போட்டியாக வந்த அடாரி லிங்ஸும் சேகாவின் கேம் கியரும் வண்ணத்தில் ஜொலித்தன. ஆனால் அவற்றுக்குச் சுவர்க்கடிகாரத்தில் போடும் பேட்டரி ஆறு வேண்டும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சட்டைப் பையில் போடலாம், கீழே போடலாம், பையனிடம் கொடுக்கலாம். அடுத்து வந்த வண்ணத்திரைப் பதிப்பையும் சேர்த்து 11.8 கோடிக்கு மேல் விற்றது. அழகான திரை ஜெயிக்கவில்லை, அணையாத திரை ஜெயித்தது. என் கம்பெனியில் புதிய கருவி எது செய்தாலும், ஒரு குழந்தை அதைப் பேருந்துப் பயணம் முழுக்க ஆட முடியுமா என்று யொகோயின் சார்பில் கேட்க ஓர் ஆளை நியமிப்பேன்.

நம் ஊருக்கு இந்தக் கதை கொஞ்சம் கோணலாக வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளில் வீடுகளுக்குள் நுழைந்த வீடியோ கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோவின் 1983ஆம் வருடத்து ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். பெட்டி ஒரு பெயரில், கேசட் இன்னொரு பெயரில். அறுபத்துநான்கு விளையாட்டு என்று ஒட்டியிருக்கும், போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டு திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி வாயால் ஊதிச் சொருகுவோம். நிண்டெண்டோ என்ற பெயரே தெரியாமல் மாரியோவின் தாவலைக் கரைத்துக் குடித்த தலைமுறை இது. ஒரு பைசா அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. ஆனாலும் சில்லு பழசாகி மலிந்த பிறகு அது எவ்வளவு தூரம் பயணம் போகும் என்பதற்கு நம் வீட்டு டிவி மேல் இருந்த அந்தப் பெட்டியைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

இனி என் கம்பெனியின் தலைமை நாற்காலி. அதில் உட்காரத் தகுதியானவர் என்று எனக்குத் தெரிந்தவர் சதோரு இவாட்டா. 1959இல் சப்போரோவில் பிறந்தவர், நிரலாளர். அவர் வேலை பார்த்த ஹால் லேபரட்டரி கடனில் மூழ்கியபோது, 1993இல் அவரைத் தலைவராக உட்கார வைத்தார்கள். சுமார் 150 கோடி யென் கடன். முப்பத்து மூன்று வயது. அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஊழியர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து உட்கார வைத்துப் பேசியது. அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனத் தொடர்ந்தார். கடனும் ஆறு வருடத்தில் அடைந்தது.

அதே சமயத்தில் ‘மதர் 2’ என்ற விளையாட்டு நான்கு வருடமாக முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்த இவாட்டா இரண்டு வழி சொன்னார்: இருக்கிறதை ஒட்டுப்போட்டுத் திருத்தினால் இரண்டு வருடம், என்னை முதலிலிருந்து எழுதவிட்டால் ஆறு மாதம். இரண்டாவது வழியில் போய் 1994இல் வெளியிட்டார்கள். பின்னாளில், விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல் போக்கிமான் சண்டைப் பகுதியின் நிரலைத் தானே படித்து, வேறொரு கருவிக்கு ஒரு வாரத்தில் மாற்றித் தந்ததாக அதை எழுதியவர்களே வியந்திருக்கிறார்கள். தலைவர் நிரல் எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு மாதத்தில் முடியும் என்று ஒருவர் வந்து சொன்னால், அது வேலையா வாய்ச்சவடாலா என்று கண்டுபிடிக்கிற அளவுக்காவது தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2002இல் யமவுச்சி நிண்டெண்டோவில் தன் இடத்தில் இவரை வைத்தார். குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த முதல் தலைவர். டிஎஸ் கருவி 15.4 கோடி, வீ கருவி 10.1 கோடி என்று விற்றதெல்லாம் பிறகு நடந்த வெற்றிகள். நான் ரசிப்பது தோல்விகளில் அவர் நடந்துகொண்ட விதத்தை. 2011இல் 3டிஎஸ் கருவி படுத்துவிட்டது. வெளியான அரையாண்டுக்குள் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்கு இறக்க வேண்டி வந்தது. இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களுக்கு இருபது பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். 2014இல் வீ யூ கருவி தோற்றபோதும் சம்பளத்தில் பாதி வெட்டு. ஆட்குறைப்பு செய்யலாமே என்று பங்குதாரர்கள் கேட்டபோது, எப்போது வேலை போகுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர்களால் உலகத்தை ஈர்க்கும் விளையாட்டைச் செய்ய முடியுமா என்ற பொருளில் பதில் சொன்னார். 2015 ஜூலையில், ஐம்பத்தைந்து வயதில் காலமானார்.

இதை நல்ல மனசு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது கைவினைப் பிரச்சினை. நிண்டெண்டோவின் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ விளையாட்டு 2017இல் வந்தது. அதைச் செய்த குழுவில் பெரும்பகுதி அப்படியே தொடர்ந்து அதன் அடுத்த பாகமான ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ செய்தது. விளையாட்டு ஏறக்குறைய முடிந்த நிலையிலும் வெளியீட்டை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளி, 2023 மே மாதம் வெளியிட்டார்கள். அந்த வருடம் முழுக்க மெருகேற்றல். அதில் நாயகன் கண்ணில் பட்ட பலகை, சக்கரம், மரக்கட்டை எதையும் தூக்கி ஒன்றோடொன்று ஒட்டலாம். நான்கு கட்டையைச் சேர்த்துப் பாலம் போட்டால், நீளம் போதாவிட்டால் சரியாகக் கவிழும். எடை சாய்ந்தால் வண்டி சாயும். யாரும் நினைத்துப்பார்க்காத கிறுக்குத்தனமான இயந்திரத்தைச் செய்தாலும் உலகம் உடைந்துபோகாமல் அதற்கு ஈடுகொடுக்கிறது. இந்த உறுதி பணத்தால் மட்டும் வராது. முந்தைய விளையாட்டில் எந்த மூலையில் எது இடறும் என்று தெரிந்தவர்கள் அதே மேசையில் இருக்க வேண்டும். அந்த ஒட்டும் சக்திக்கு வைத்த பெயர் அல்ட்ரா ஹேண்ட். அரை நூற்றாண்டுக்கு முந்தைய மெக்கானிக்கின் மடக்குக் கையை அந்தக் கட்டடத்தில் இன்னும் யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்தோம். ‘சைபர்பங்க் 2077’ என்ற விளையாட்டு 2020 டிசம்பரில் அவசரமாக இறங்கியது. பிழைகள் தாங்காமல் சோனி தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, திரும்ப வைக்க ஆறு மாதம் ஆனது. ‘ஹை-ஃபை ரஷ்’ என்ற அருமையான தாள விளையாட்டைத் தந்த டாங்கோ கேம்வொர்க்ஸை, பாராட்டு மழை காய்வதற்குள் 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மூடுவதாக அறிவித்தது. பிறகு ஒரு கொரிய நிறுவனம் வாங்கிக் காப்பாற்றியது. நன்றாகச் செய்தாலும் கடை மூடும் என்றால், அடுத்தவர் எதற்காக முயலைத் துரத்திப் பார்க்க வேண்டும்?

பணம் வசூலிக்கும் விஷயத்தில் என் கொள்கை எளிது: ஒரு விலை, முழு விளையாட்டு. பரிசுச்சீட்டு குலுக்கலுக்குக் குழந்தையிடம் காசு வாங்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு நிண்டெண்டோவின் கணக்கை மறைத்தால் நியாயமில்லை. 2016இல் செல்பேசிக்கு வந்த ‘சூப்பர் மாரியோ ரன்’ ஒரே தடவை காசு வாங்கியது. லாபம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று கம்பெனியே சொன்னது. குலுக்கல் முறையில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்’ அள்ளிக் கொட்டியது. ஆகவே என் கம்பெனி செல்பேசிப் பக்கம் போகாது. போனால் நஷ்டத்துக்குத் தயாராகப் போகும்.

நிண்டெண்டோவிடம் நான் மாற்ற நினைப்பது ஒன்று உண்டு. புதியதைச் செய்வதில் காட்டும் அக்கறையில் பாதிகூடப் பழையதைக் காப்பதில் அவர்களிடம் இல்லை. 2016இல் ஒரு ரசிகர் பல வருடம் உழைத்து, பழைய ‘மெட்ராய்ட் 2’ விளையாட்டைப் புதிதாக வரைந்து இலவசமாக வெளியிட்டார். சில நாளிலேயே சட்ட நோட்டீஸ் வந்து இறக்கப்பட்டது. சேகா இதற்கு நேர்மாறாக, ரசிகராக இருந்து சோனிக் விளையாட்டுகளை நோண்டிக்கொண்டிருந்த கிறிஸ்டியன் வைட்ஹெட்டை அழைத்து வேலை கொடுத்தது. 2017இல் வந்த ‘சோனிக் மேனியா’ பல வருடங்களில் வந்த மிகச் சிறந்த சோனிக் என்று பெயர் வாங்கியது. என் கம்பெனியில் வக்கீலுக்குப் போகும் கடிதம் முதலில் பணியமர்த்தும் பிரிவுக்குப் போகும்.

2024 அக்டோபரில், ஒருகாலத்தில் சீட்டுக்கட்டு தயாரான ஊஜி நகர ஆலையை நிண்டெண்டோ அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2023 மார்ச் 27 அன்று, வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அங்கே மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை இனி காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் அதே வருடம் கணக்கெடுத்துச் சொன்னது. இது ஒரு கம்பெனியின் குற்றம் மட்டும் இல்லை, மொத்தத் தொழிலும் இப்படித்தான் இருக்கிறது. நான் நடத்தும் கம்பெனியில் பழைய சரக்குக் கடைக்கு மட்டும் பூட்டே கிடையாது.

அந்தக் கம்பெனி எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்பதால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய கேம் பெட்டியோ கேசட்டோ இருந்தால், நகலாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.